நடுச் சந்தில் போன குண்டு

இந்த வருடம் ஏப்ரல் மாதம், முதல் திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் சொந்தமாக எடுத்த முதல் முடிவு என்பதால் மணி வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

என் பெயர் மீரான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுவதும் ஊரார் காலைப் பிடிப்பது தொழில். சாயங்காலம் பேகம்பூரில் என் வீட்டுக்குப் போனால், கடை வேலையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று என் மனைவி ஜீனத் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்று கடைக்கு ரேக் அடிக்கச் சட்டம் வேண்டுமென்று நத்தம் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். துருப்பிடித்த இரண்டு பீரோக்களுக்கு நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. நாலு கால். மேலே கண்ணாடி மூடிய சாய்வான பெட்டி. பெட்டிக்குள் கலர் கலராகக் குமிழ்கள், சின்னச் சின்ன வளைவுகள். பின்பக்கம் நிமிர்ந்து நின்ற கண்ணாடியில் ஒரு சர்க்கஸ் படம். கையில் சாட்டையோடு ஒரு பெண். எதிரே ஸ்டூலில் கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிங்கம். அந்தச் சிங்கத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. காலையில் முகம் கழுவும்போது என்று நினைக்கிறேன்.

"இது என்னண்ணே?" என்றேன், கடைக்காரரிடம்.

"அதைத்தான் பாய், ரெண்டு வருசமா வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன். மலையில ஏதோ கிளப்பை இடிச்சாங்க. அதுல வந்துச்சு."

எனக்குத் தெரியும். பின்பால். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலே பாயும். குமிழ்களில் மோதித் தெறிக்கும். மணி அடிக்கும், விளக்கு எரியும், புள்ளி ஏறும். சரிவில் உருண்டு கீழே வரும்போது, பெட்டியின் இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தான்களை அமுக்கினால் உள்ளே இரண்டு மட்டைகள் எழும்பிக் குண்டை மறுபடி மேலே அடிக்கும். மட்டைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் விழுந்துவிட்டால் போச்சு. ஆட்டத்துக்கு மூன்று குண்டு. அவ்வளவுதான் விளையாட்டு.

வாங்குவது என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்காமல் வாங்குவது.

குட்டியானை வேனில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கும்போது ஜீனத் வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிங்கத்தைப் பார்த்தாள்.

"ஃப்ரீசரா?" என்றாள் ஆசையோடு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜீனத் சமோசா செய்து விற்கிறாள். எங்கள் தெருவில் ஆரம்பித்து இப்போது கல்யாண ஆர்டர் வரைக்கும் வந்துவிட்டது. முந்நூறு, நானூறு என்று கேட்கிறார்கள். முதல் நாளே மடித்து உறைய வைக்க ஒரு பெரிய ஃப்ரீசர் இல்லாததால் இரண்டு ஆர்டரைக் கைவிட்டிருந்தாள். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மூலை. அங்கேதான் பெரிய பிளக் இருக்கிறது. அந்த மூலைக்கு அவள் ஃப்ரீசர் பார்த்து வைத்திருந்தாள். நான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

"ஃப்ரீசர் இல்ல ஜீனத். இது பின்பால்."

"எந்தப் பால்?"

"விளையாட்டு. திறமையான விளையாட்டு."

"எங்க வைக்கப் போறீங்க?"

வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்ணால் மூலையைப் பார்த்தேன்.

அவளும் அந்த மூலையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கல்யாணமான புதுசில் கூட இப்படி ஒரு தப்பை நான் செய்ததில்லை.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்து, நாலு நாள் அவர் ஒயரை அறுத்து ஒட்டி, ஒரு வழியாக அதற்கு உயிர் வந்தது. சர்க்கஸ் கூடாரம் முழுக்க விளக்கு எரிந்தது. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆடினேன். முதல் வாரம் மூன்று குண்டும் மூன்று நிமிடம் தாங்கவில்லை. மூன்றாவது வாரம் பத்து நிமிடம் தாங்கியது. பெட்டியை லேசாக இடுப்பால் தள்ளிக் குண்டை வழிக்குக் கொண்டுவரப் பழகினேன். ரொம்பத் தள்ளினால் மெஷின் கோவித்துக்கொள்ளும். எல்லா விளக்கும் அணைந்து, ஆட்டம் அதோடு முடிந்துவிடும். அதுவரை எங்கள் வீட்டில் கோவித்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. இப்போது இரண்டு பேர்.

சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற ஆள் நான். "மீரானை நீயே வச்சுக்க" என்று இரண்டு பக்கமும் சண்டை போடுவார்கள். கையில் ஒரு திறமை இருக்கிறது என்று நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது. புள்ளி முப்பதாயிரத்தைத் தாண்டிய அன்று கடையில் ஒருவருக்கு எட்டாம் நம்பர் செருப்புக்குப் பதில் ஆறாம் நம்பரை மாட்டிவிட்டு, "நல்லா இருக்கு பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தத் திறமை நினைப்பைத்தான் ஜீனத் ஒரு சாயங்காலம் போட்டு உடைத்தாள்.

"என்னங்க, ஒரு சந்தேகம். இதுல நீங்க என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேனா? ஆடுறேன்."

"குண்டுதான ஆடுது? உள்ள இருக்கிற குண்டு ஓடியாடுது. வெளிய இருக்கிற குண்டு நின்ன இடத்துல நிக்குது."

"நான் பொத்தானை அமுக்கலைன்னா அது விழுந்துரும்."

"அமுக்குனாலும் விழுந்துருதே?"

"அது... எப்ப அமுக்கணுமோ அப்ப அமுக்கணும். அதுதான் திறமை."

"திறமைன்னா நேத்து முப்பதாயிரம், இன்னைக்கு ஏன் நாலாயிரம்? நேத்து இருந்த திறமை ராத்திரியோட ராத்திரியா எங்க போச்சு? நான் நேத்து செஞ்ச சமோசாவும் இன்னைக்குச் செஞ்ச சமோசாவும் ஒரே மாதிரி இருக்குல்ல? அது திறமை. இது குண்டு போற போக்கு. சீட்டுக் குலுக்குற மாதிரி."

"ஜீனத்! சீட்டும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னா வீட்டுல வச்சிருக்கக் கூடாதுங்க. அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுறதெல்லாம் நமக்கு ஆகாது. மெஷின் போகட்டும். ஃப்ரீசர் வரட்டும்."

இரண்டு நாள் இந்த வாதம் நடந்தது. சாப்பாட்டில் நடந்தது. துணி காயப்போடும்போது நடந்தது. எனக்குக் கோபம் வந்தாலும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பும் வந்துவிட்டது. உண்மையிலேயே இது எது? நான் ஆடுகிறேனா, குண்டு என்னை ஆட்டுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு வந்தது. திறமைதான் என்று சந்தோஷப்பட்டேன். கண்ணைத் திறந்துகொண்டு அடுத்த ஆட்டம் ஆடினேன். தொள்ளாயிரம்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு மோகன்குமார் சாரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துகிறார். தொப்பம்பட்டிப் பக்கம் சொந்த ஊர். பேச்சில் மரியாதை சொட்டும். மழை வருமா என்று கேட்டால்கூட நூற்றுக்கு எவ்வளவு என்றுதான் சொல்வார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கண் விரிந்தது.

"ஏனுங்க பாய், இது அருமையான கேள்விங்க. ஆனா ஒரு ஆட்டத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. பழகுன ஆள் ஒருத்தர் வேணும். பெட்டியையே தொடாத ஆள் ஒருத்தர் வேணும். ரெண்டு பேரும் ஆளுக்கு முப்பது ஆட்டம் ஆடோணும். பழகுனவர் பெரும்பாலும் ஜெயிச்சா திறமை. ஆளுக்குப் பாதி ஜெயிச்சா அதிர்ஷ்டம். நாணயம் சுண்டுற மாதிரி."

"பழகுன ஆள் நான். தொடாத ஆளுக்கு எங்க போறது?"

கேட்டுக்கொண்டே வந்த ஜீனத் சமோசாத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"எதுக்குங்க வெளிய தேடுறீங்க? ஏங்க, நீங்க வீட்டுல இருக்கும்போது என்னைக்காச்சும் நான் அந்தப் பெட்டியைத் தொட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லையே."

"அப்புறம் என்ன? அண்ணே, எழுதிக்கங்க."

மோகன்குமார் சார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு மேல், தலைக்குப் பத்து பத்து ஆட்டம். அதிர்ஷ்டம் என்று முடிவானால் மெஷின் வெளியே போகும், ஃப்ரீசர் உள்ளே வரும். திறமை என்று முடிவானால் மெஷின் இருக்கும், ஃப்ரீசர் பேச்சே கிடையாது. கையெழுத்து வேறு வாங்கினார். அந்த இடத்தில் எனக்கு ஜீனத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மாதம் பழகிய ஆளோடு ஒன்றுமே தெரியாத ஒரு பெண்பிள்ளை மோதுவதா? கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

முதல் ஞாயிறு. ஜீனத் பொத்தான் எது, ஸ்பிரிங் எது என்று என்னையே கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். குண்டு கீழே வரும்போதெல்லாம் "யா அல்லா, வருதே, வருதே!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே எப்படியோ தட்டிவிட்டாள். பத்து ஆட்டத்தில் நான் ஆறு, அவள் நாலு.

"புதுசா ஆடுறவங்களுக்கு இப்பிடித்தான் சார். குருட்டாம்போக்குல வரும்," என்றேன்.

"பாக்கோணுமுங்க," என்றார் சார்.

இரண்டாம் ஞாயிறு. நான் ஐந்து, அவள் ஐந்து. எனக்கு வியர்த்தது. மின்விசிறியின் காற்று குண்டைப் பாதிக்கிறது என்று சொல்லி அதை நிறுத்தச் சொன்னேன். பிறகு இன்னும் வியர்த்தது.

அந்த வாரம் முழுவதும் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. அதிர்ஷ்டம்தானா? அப்படியானால் முப்பதாயிரம் அடித்தது நான் இல்லையா? ஒரு சரிவு, ஒரு குண்டு, நடுவில் ஒரு மீரானா? பழையபடி "மீரானை நீயே வச்சுக்க" தானா? மெஷின் போவதுகூடப் பரவாயில்லை என்று இருந்தது. அந்தத் திறமை போவதுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் ஞாயிறு. மோகன்குமார் சார் உற்சாகத்தில் மனைவி சுகன்யாவையும் கூட்டி வந்திருந்தார். அது திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சேரில் உட்கார்ந்துகொண்டது. ஒன்பது ஆட்டம் முடிந்தபோது அன்றைய கணக்கு, நான் நாலு, ஜீனத் ஐந்து. மொத்தத்தில் நான் பதினைந்து, அவள் பதினான்கு. கடைசி ஆட்டம்.

நான் முதலில் ஆடினேன். ஒன்பதாயிரம். ஜீனத் ஆடினாள். இரண்டு குண்டிலேயே ஒன்பதாயிரத்து நூறு.

"பதினஞ்சுக்குப் பதினஞ்சுங்க!" சார் நோட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "பாடப் புத்தகத்துல வர்ற மாதிரி. இவ்வளவு சுத்தமான அதிர்ஷ்டத்தை நான் என் வாழ்க்கையில பாத்ததில்லைங்க!"

மூன்றாவது குண்டு பாக்கி இருந்தது. அது இடது பக்கமாக மெல்ல உருண்டு, மட்டையின் மேல் வந்து, குழந்தை மடியில் படுப்பது மாதிரி படுத்தது. ஜீனத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை பொத்தானில்தான் இருந்தது. அமுக்கவில்லை. குண்டு நழுவி நடுவில் விழுந்தது.

"அய்யய்யோ, ஏங்க்கா வுட்டுட்டீங்க?" என்று சேரிலிருந்து எழுந்துவிட்டது சுகன்யா. "நேத்து மத்தியானம் இதே மாதிரி வந்தப்ப அம்புட்டு அழகாத் தாங்கிப் புடிச்சீங்களே!"

மெஷின்கூட மணி அடிப்பதை நிறுத்திவிட்டது.

"நேத்து மத்தியானமா?" என்றேன் நான்.

"நேத்து மத்தியானமா?" என்றார் சார், மனைவியைப் பார்த்து. "நீ நூலகம் போறேன்னுதானே சொன்ன?"

சுகன்யா மெதுவாக மறுபடி உட்கார்ந்தது. ஜீனத் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு பதற்றம் வேண்டுமே? இல்லை.

"மெஷின் வந்த ரெண்டாவது வாரம், தூசி தட்டும்போது கை பட்டுச்சுங்க. எரிஞ்சுச்சு. சரி, என்னதான் இருக்குன்னு ஒரு ஆட்டம் ஆடிப் பாத்தேன். அப்புறம் சுகன்யா வந்துச்சு. அப்புறம் தெருவுல நாலு பேரு. தினம் பதினோரு மணியில இருந்து மூணு மணி வரைக்கும் ஆடுறோம்."

"நாலு மணி நேரமா! நான் ஒரு மணி நேரந்தானடி ஆடுறேன்!"

"அதான் உங்களுக்கு இன்னும் வரலை."

"தொட்டதே இல்லைன்னு சொன்னியே!"

"நீங்க வீட்டுல இருக்கும்போது தொட்டு நீங்க பாத்திருக்கீங்களான்னுதானே கேட்டேன்? பாத்தீங்களா?"

மோகன்குமார் சார் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்தப் பதினஞ்சுக்குப் பதினஞ்சு...?"

"அதுதாண்ணே கஷ்டம்," என்றாள் ஜீனத். "ஜெயிக்கிறது சுளுவு. தோக்குறது அதைவிடச் சுளுவு. சரிசமமா நிறுத்தணும் பாருங்க, அதுக்குள்ள முதுகு ஒடிஞ்சு போச்சு."

எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. ஒரே நிமிடம். அப்புறம் என் தலைக்குள் எல்லா விளக்கும் எரிந்தது.

"ஜீனத்!" என்று கத்தினேன். "அப்ப இது திறமை! பழகினதாலதான் உனக்கு வந்திருக்கு! நினைச்சா ஜெயிக்கிற, நினைச்சா தோக்குற! இதைவிட என்ன ருசு வேணும்? நீயே நிரூபிச்சிட்ட! நான் சொன்னதுதான் சரி! மெஷின் இங்கதான் இருக்கும்! சார், எழுதுங்க!"

"எழுத முடியாதுங்க பாய். சோதனை செல்லாதுங்க. தொடாத ஆள் தொட்டுட்டாங்க."

"செல்லாதுன்னா பழையபடி. மெஷின் என்னோடது."

ஜீனத் கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்த மாதிரி இருந்தாள் என்று இப்போது சொல்வேன்.

"சரிங்க. முப்பது ஆட்டமெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு குண்டு. முடிச்சுக்குவோம். அந்த நடுச் சந்து தெரியுதுல்ல?"

தெரியாமல் என்ன? சர்க்கஸ் கூடாரத்தின் வாசல் மாதிரி, மேலே நட்ட நடுவில் ஒரு சந்து. குண்டின் அகலத்தைவிட ஒரு நூல்தான் அதிகம். அதற்குள் போனால் ஐயாயிரம் புள்ளி. ஒன்றரை மாதத்தில் எனக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

"நான் சொல்லி அடிக்கிறேன். சொன்ன மாதிரி நடுச் சந்துல போச்சுன்னா, இது திறமை. நீங்க சொன்னதுதான் சரி. நாலு பேருக்கு முன்னாடி நானே ஒத்துக்கிறேன். மெஷின் வீட்டை விட்டுப் போகாது. ஆனா திறமைன்னு ஆகிப்போச்சுன்னா, யாருக்குத் திறமை சாஸ்தியோ அவங்க சொல்ற இடத்துலதான் அது இருக்கணும். சம்மதமா?"

"போகலைன்னா?"

"போகலைன்னா அதிர்ஷ்டம். மெஷின் நாளைக்கே நத்தம் ரோட்டுக்கு."

'நீங்க சொன்னதுதான் சரி' என்று ஜீனத் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருட ஆசை. "சம்மதம்!" என்று சொல்லிவிட்டேன்.

மோகன்குமார் சார் என் காதோரம் குனிந்தார். "ஏனுங்க பாய், கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமுங்க. குண்டு போனாலும் அவங்க ஜெயிக்கிறாங்க, போகாட்டியும் அவங்கதான் ஜெயிக்கிறாங்க. உங்க பக்கம் நூத்துக்குச் சைபருங்க."

அதைக் கேட்டு முடிப்பதற்குள் ஜீனத் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டாள்.

குண்டு மேலே பாய்ந்தது. குமிழில் அடித்தது, தெறித்தது, சுற்றியது. நான் மெஷின் கண்ணாடியின் மேல் கவிழ்ந்துவிட்டேன். போகாவிட்டால் மெஷின் போய்விடும். அதோடு திறமையும் போய்விடும். போனால் மெஷின் எங்கே போகும் என்று தெரியாது, ஆனால் இருக்கும். ஆகவே என் எதிரி ஜெயிக்க வேண்டும் என்று நான் துஆ கேட்டேன். குண்டு சரிந்து வலது மட்டைக்கு வந்தது. ஜீனத் தாங்கிப் பிடித்தாள். குண்டு அசையாமல் நின்றது. சுகன்யா மூச்சைப் பிடித்துக்கொண்டது. சார் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாத ஜீனத்," என்றேன். "செத்த நேரம் பொறு. நிதானமா."

"நீங்க கொஞ்சம் கையை எடுங்க. மறைக்குது."

எடுத்தேன். அவள் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். டப் என்று ஒரு சத்தம். குண்டு ஒரு கோடு போட்ட மாதிரி மேலே போனது. நடுச் சந்தின் வாசலில் ஒரு ஓரத்தை முத்தமிட்ட மாதிரி தொட்டு, உள்ளே போனது.

எல்லா விளக்கும் எரிந்தது. எல்லா மணியும் அடித்தது. நான் மோகன்குமார் சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். "போயிருச்சு! போயிருச்சு சார்! திறமை! திறமை!" சாரும் குதித்தார். குதித்து முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது, ஜீனத் கையில் அளவு டேப்போடு மூலையில் நின்றாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி," என்றாள். "இது திறமைதான். அண்ணே, சுகன்யா, நீங்களும் கேட்டுக்கங்க. எங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி."

காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்தச் சுகம் டேப்பின் மறுமுனையை அவள் என் கையில் கொடுக்கும் வரைக்கும் நீடித்தது.

"இதைப் புடிங்க. ஃப்ரீசர் நாலரை அடி. மெஷினை நம்ம ரூமுக்குள்ள தள்ளிருவோம். அங்க இன்னொரு பெரிய பிளக் இருக்குல்ல?"

"அது ஏசி பிளக் ஜீனத்!"

"ஆமா. ஏசி ஓடும்போது மெஷின் ஓடாது. மெஷின் ஓடும்போது ஏசி ஓடாது. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. அதுல நான் தலையிட மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை ஃப்ரீசர் வந்தது. அடுத்த வாரமே ஐந்நூறு சமோசாவுக்கு ஆர்டர் வந்தது. மே மாதத்துத் திண்டுக்கல் வெயிலில் நான் பனியனோடு நின்று பின்பால் ஆடினேன். விடுவேனா? அந்த நடுச் சந்து என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவளுக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியாது? குண்டைத் தாங்கிப் பிடிக்க வந்துவிட்டது. ஒரு மட்டையிலிருந்து இன்னொரு மட்டைக்கு மாற்றவும் வந்துவிட்டது. சந்துக்குள் மட்டும் போகவே மாட்டேன் என்றது.

கடைசியில் கௌரவத்தை விட்டுவிட்டு ஜீனத்திடமே கேட்டேன்.

"அந்த அடியை எனக்குச் சொல்லிக் குடு."

"சொல்லித் தாரேன். ஆனா சும்மா சொல்லிக் குடுத்தா மனசுல நிக்காதுங்க. ஒரு பாடத்துக்கு ரெண்டு கிலோ வெங்காயம் உரிச்சு நறுக்கிக் குடுத்துருங்க."

முதல் பாடம், நிற்கிற விதம். இரண்டு கிலோ. இரண்டாம் பாடம், மூச்சு விடுகிற விதம். இரண்டு கிலோ. மூன்றாம் பாடத்தில் பெருவிரலைப் பற்றிச் சொன்னாள். பெருவிரலில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்ததால் சரியாகப் பிடிபடவில்லை என்று அதை மறுபடி நடத்தினாள். மறுபடி இரண்டு கிலோ. கடைக்கு வருகிறவர்கள் என் கையை மோந்துவிட்டுச் செருப்பை மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து மூட்டையாகவே வெங்காயம் இறங்கியது. ஒரு நாள் எதிர்வீட்டு ஜன்னலில் பார்த்தேன். மோகன்குமார் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தியோடு உட்கார்ந்திருந்தார். சுகன்யா அவருக்குப் பாடம் நடத்துகிறதாம்.

ஒன்றரை மாதம் ஆயிற்று. எனக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆனால் இன்னொன்றைக் கவனித்தேன். அன்றைக்குப் பிறகு ஜீனத்துக்கும் அது ஒரு தடவைகூடப் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் சமோசா மடித்துக்கொண்டிருந்தாள். என் முன்னால் வெங்காயம்.

"ஜீனத், உண்மையைச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். அன்னைக்கு அந்தக் குண்டு எப்பிடிப் போச்சு?"

மடிப்பதை நிறுத்தினாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

"அதுவாங்க... கை வேர்த்து வழுக்கிருச்சு. அமுக்க வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே அமுங்கிருச்சு. போச்சேன்னு கண்ணை மூடிட்டேன். மணிச் சத்தம் கேட்டுத்தான் தொறந்தேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். "அப்ப... அது அதிர்ஷ்டமா?"

"குண்டு போனது அதிர்ஷ்டந்தாங்க," என்றாள் ஜீனத், அடுத்த வெங்காயத்தை என் பக்கம் உருட்டிவிட்டு. "உங்களை ஒன்றரை மாசமா இதை உரிக்க வச்சிருக்கேன் பாருங்க, அதுதான் திறமை."